மூக்கு ரோதா

எங்கள் வீட்டுக்கு மூன்று சக்கரங்கள். நடுவில் அச்சோடு சேர்ந்த பெரிய சக்கரங்கள் இரண்டு; முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கட்டையின் அடியில் குட்டியாக ஒன்று. அந்தக் குட்டியை நாங்கள் மூக்கு ரோதா என்போம். பினாங்கில் சக்கரத்துக்கு ரோதா என்றுதான் பேர்.

என் கணவர் படம் பிடிப்பவர். பழைய மோட்டார் கார் ஒன்றின் பின்னால் இந்த மரக்கூண்டு வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போவோம். உள்ளே பாதி இருட்டறை, பாதி குடித்தனம். சம்பளம் போட்ட மறுநாள் ஜனங்கள் நல்ல உடுப்பு உடுத்தி வந்து, ஊருக்கு அனுப்பப் படம் எடுத்துக்கொள்வார்கள். படத்துக்கு நிற்பவர்களுக்குப் பின்னால் தொங்கவிடும் திரைச்சீலை வண்டியின் பக்கவாட்டில்தான் இருந்தது. அதனால் வெயில் விழும் திசை பார்த்து வண்டியைத் திருப்பி நிறுத்த வேண்டும். காரைக் கழற்றிவிட்டு, மூக்கு ரோதாவை நம்பி நாங்கள் இருவரும் கையால் தள்ளித் திருப்புவோம்.

ஒரு மழைக்காலத்தில், பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் சுங்கை பாக்காப் பக்கம், ஒரு தோட்டத்துத் திடலில், அந்த ரோதா சேற்றில் இறங்கிவிட்டது. வண்டி முகம் குப்புறச் சாய்ந்தது. உள்ளே அடுக்கியிருந்த, படம் பதிக்கும் கண்ணாடித் தகடுகள் அத்தனையும் நொறுங்கின. தலை சீவிப் பூ வைத்து வந்து நின்றவர்களிடம், இன்றைக்குப் படம் எடுக்க முடியாது என்று நான்தான் போய்ச் சொன்னேன். என் கணவர் திடலைத் திட்டிக்கொண்டிருந்தார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ரோதா விரல் அகல இரும்பு; மண் என்ன செய்யும்?

தீவில், ஜார்ஜ் டவுனில் என் அண்ணனுக்குத் துணிக்கடை. அண்ணி காலமான பிறகு கடைக்கு மேல்மாடியில் தனியாக இருந்தார். விஷயம் கேள்விப்பட்டு எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"இன்னொரு வாட்டி அந்த வண்டி பொதைஞ்சா போதும், தங்கச்சி. மாப்பிள்ளை கடையிலயே ஓர் ஓரமாப் படம் பிடிக்கட்டும். ரெண்டு பேரும் மேல வந்து இருங்க. நானே வந்து கூட்டிட்டு வருவேன்."

என் கணவர் தலையாட்டினார். யார் எது சொன்னாலும் ஆட்டுகிற தலை அது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணன் வீட்டில் எனக்கு என்ன இருக்கும்? அடுப்பும், கடை ஆட்களுக்குச் சோறும். வண்டியிலோ தகடுகளைக் கழுவுவது நான். இருட்டறையில் ஒரு முகம் மெல்ல மெல்லத் தெளிந்து வரும்போது அதை முதலில் பார்ப்பவள் நான். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.

அடுத்த வாரமே பழைய இரும்புக் கடைக்குப் போனோம். கடை முதலாளியான சீனத் தவுக்கே மூன்று ரோதாக்களை எடுத்து வைத்தார். ஒன்று புது இரும்பு. ஒன்று கெட்டி ரப்பர். இன்னொன்று எதிலிருந்து கழற்றியதோ, காற்றடைக்கும் டயர். குட்டையாக, அகலமாக, பார்க்க லட்சணமே இல்லாமல் இருந்தது. என் கணவர் கடை வாசல் நடைபாதையான அஞ்சடியில் ஒவ்வொன்றாகச் சுழற்றிப் பார்த்தார். இரும்புதான் நெடுநேரம் சுற்றியது.

"இதான் அழகா ஓடுது," என்றார்.

"சிமெண்டில எல்லாம்தான் அழகா ஓடும். நாம சிமெண்டிலயா குடியிருக்கோம்?"

கடைக்குப் பின்னால் கடல். நீர் வடிந்து சேறு தெரிந்தது. மூன்றையும் அங்கே கொண்டுபோகச் சொன்னேன். தவுக்கே எங்களோடு பழகித் தமிழ் பேசுவார். "சேறு பட்டா யார் கழுவுறது லா?" என்று முனகிக்கொண்டே பின்னால் வந்தார். ஒவ்வொன்றாக நிறுத்திப் பிடித்துக்கொண்டு, அதன்மேல் என் கணவரை ஏறி நிற்கச் சொன்னேன். இரும்பு சேற்றை வெட்டிக்கொண்டு உள்ளே போயிற்று. ரப்பர் பாதி இறங்கியது. காற்று டயர் கொஞ்சம் சப்பையாகி, மேலேயே நின்றது. அதை எடுத்துக்கொண்டோம்.

ரோதா மட்டும் போதாது என்பது வண்டிக்குள் ஏறியதும் புரிந்தது. அம்மிக்கல், தண்ணீர்ப் பீப்பாய், அரிசி மூட்டை எல்லாம் மூக்குப் பக்கமே உட்கார்ந்திருந்தன. அத்தனையையும் அச்சுக்கு மேலே வரும்படி நகர்த்தினோம். அதன்பிறகு முன்கட்டையை என் ஒருத்தியாலேயே தூக்க முடிந்தது.

மறுபடி அதே திடலுக்குப் போனோம். முந்தின நாள் நல்ல மழை. நாங்கள் போகும் நாளை விசாரித்துக்கொண்டு, சொல்லியிருந்தபடியே அண்ணன் கடையை விட்டுவிட்டுக் கடல் தாண்டி வந்திருந்தார். சாமான் ஏற்ற ஒரு லாரியையும் வாடகைக்குப் பிடித்து வந்திருந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு ரோஷம் தலைக்கேறியது. காரைக் கழற்றினோம். நான் முன்கட்டையைப் பிடித்துக்கொண்டேன். என் கணவர் பின்னாலிருந்து தள்ளினார். வண்டி சேற்றின்மேல் அகலமாக ஒரு தடம் போட்டுக்கொண்டு, வெயிலுக்கு முதுகு காட்டித் திரும்பி நின்றது.

நான் வெற்றிச் சிரிப்போடு அண்ணனைப் பார்த்தேன். அவர் குனிந்து ரோதாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொதையலியே," என்றார்.

"பொதையாதுண்ணே, இனிமே."

"நல்லது." நிமிர்ந்தார். பிறகு, "மேல் ரூமுக்கு வெள்ளையடிச்சு வெச்சிருந்தேன்," என்றார்.

அவர் முகத்தை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். ஆக்கிப்போட ஆள் தேடி வந்தவரின் முகம் இல்லை அது. ராத்திரி சோற்றுத் தட்டுக்கு எதிரே யாராவது உட்கார மாட்டார்களா என்று வந்தவர். வண்டி புதைய வேண்டும் என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டே வந்திருப்பார்.

"சாப்பிட்டுட்டுப் போங்கண்ணே," என்றேன்.

"லாரிக்காரன் காத்திருக்கான்மா," என்று சொல்லி, காலி லாரியில் ஏறிக்கொண்டார்.