பின்மூடிக்குள் இருந்த பெயர்

சாலவாக்கத்துக் கூலித் தொழிலாளி ஐசக், படுக்கையில் கிடந்த நிலக்காரர் கன்னியப்பனை இரண்டு ஆண்டுகள் குளிப்பாட்டித் துடைத்துப் பராமரித்தவர். கன்னியப்பன் இறப்பதற்கு முன் கொடுத்த பழைய தங்கக் கைக்கடிகாரத்தை, தம் மனைவி சிட்டம்மாளின் அறுவை சிகிச்சைக்காக விற்க, 2023 ஆவணியில் உத்திரமேரூர் நகைக்கடைக்கு எடுத்துச் சென்றார்.

தங்கத்தை மட்டும் எடைபோட, மதிப்பீட்டாளர் பின்மூடியைத் திறந்தார்.

“பதினெட்டு கேரட், பதினாறு கிராம். ஆனா உள்ள கன்னியப்பன்னு பேர் வெட்டிக்கீது. அவருதான் செத்துட்டாரே, அவரு புள்ள வந்து கையெழுத்துப் போடணும்பா.”

“அவரே குடுத்ததுங்க.”

“யார் பாத்தாங்க?”

யாரும் பார்க்கவில்லை. மகன் திருட்டுப் பட்டம் கட்டுவார் என்பதில் ஐசக்குக்குச் சந்தேகமில்லை.

“பேரத் தேச்சி எடுத்துடலாங்களா?”

“எடுத்தா நெசமாவே திருட்டுப் பொருளாப் பூடும்.”

ஐசக் கடிகாரத்தை மடியில் முடிந்துகொண்டு வீடு திரும்பினார்.

“இன்னா சொன்னாங்க?” என்று படுத்தபடியே கேட்டார் சிட்டம்மாள்.

“பித்தளையாம்,” என்றார் ஐசக்.