குழைந்த சோறும் பல்செட்டும்

பல்செட் கட்டும் இடத்துக்குள் யாரும் சிரித்துக்கொண்டே வருவதில்லை. வாயைத் துண்டால் பொத்திக்கொண்டுதான் வருவார்கள். அப்படியே ஒருவர் சிரித்துக்கொண்டு வந்தால், அவர் பெரும்பாலும் கூட வந்த மகனாக இருப்பார்.

அரியலூர் கடைத்தெருவில் ஒரு பல் டாக்டரிடம் வேலை பார்த்தேன். அதற்கு முன்னால் பெரம்பலூரில் இன்னொருவரிடம். பல்லைப் பிடுங்குவது டாக்டர் வேலை. பிடுங்கிய இடத்துக்கு வரிசை கட்டித் தருவது என் வேலை. டாக்டர் எடுத்துத் தரும் அச்சில் சாந்தை வார்த்து, மெழுகில் பல்லை அடுக்கி, மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் வேக வைத்து, அரத்தால் ராவிப் பளபளவென்று கொடுக்க வேண்டும். எழுபதுகளில் அந்தப் பக்கத்தில் இதற்கு வேறு ஆள் கிடையாது. என் பெயர் யாருக்கும் தெரியாது. பல்லுக்காரர் என்றால் போதும்.

இதைப் படிக்கும் உங்களில் பாதிப் பேர் டம்ளர் தண்ணீரில் பல்லை ஊறப்போட்டுவிட்டுத்தான் உட்கார்ந்திருப்பீர்கள். மீதிப் பேருக்கும் நாள் வரும். ஆகவே உங்களிடம் எனக்கு வெட்கம் இல்லை. ஊருக்கெல்லாம் பல் கட்டிய எனக்கே அறுபது வயதுக்குள் வாய் காலியாகிவிட்டது. மனைவி போன பிறகு மகன் வீட்டில் இருந்தேன். அவனுக்கு ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் ஆலை வேலை. தினமும் பஸ்ஸில் போய் வருவான். மருமகள் சோற்றைக் குழைய வடித்து, குழம்பு ஊற்றிப் பிசைந்து எனக்கும் பேரனுக்கும் ஒன்றாக வைப்பாள். பேரனுக்குப் பல் முளைத்ததும் அவன் முறுக்குக்குப் போய்விட்டான். நான் மட்டும் பிசைந்த சோற்றிலேயே நின்றுவிட்டேன். எனக்கென்று ஒரு செட் கட்டிக்கொள்ள வேண்டும், மறுபடி மனுஷனைப் போல மென்று தின்ன வேண்டும் என்பதுதான் அப்போது என் ஒரே ஆசை. வந்தவர்களுடைய வாயைக் கவனிக்கவே நேரம் சரியாக இருந்ததால் அது தள்ளிக்கொண்டே போனது.

மேல் வரிசை

உடையார்பாளையம் பக்கத்திலிருந்து நிலபுலம் உள்ள ஒரு பெரியவரை மகன் அழைத்து வந்தான். டாக்டர் அச்சு மெழுகை வெந்நீரில் இளக்கிப் பெரியவரின் வாய்க்குள் வைத்து அழுத்தினார். அது இறுகும்வரை வாயைத் திறந்தபடி ஆடாமல் அசையாமல் இருக்க வேண்டும். பேச முடியாது. கிழவர்கள் பேச முடியாத அந்த நேரத்தைத்தான் கூட வந்தவர்கள் பேசுவதற்கென்று பிடித்து வைத்திருப்பார்கள்.

மேல் வரிசை மட்டும் கட்டினால் என்ன என்று மகன் என்னிடம் கேட்டான். கீழ் வரிசை இல்லாமல் மேல் பல் எதன்மேல் கடிக்கும், அவர் எப்படிச் சாப்பிடுவார் என்று கேட்டேன். பெரியவரின் கண் மகனைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, பிறகு மின்விசிறியில் போய் நின்றுகொண்டது. கடைவாயில் எச்சில் வழிந்தது. அதை நான்தான் துடைத்தேன். மகன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "இன்னும் கெடக்குற கொஞ்ச நாளைக்கு மேல் வரிசை போதாதுங்களா? சிரிச்சா மேல் பல்லுதானே வெளியில தெரியுது!"

வறுத்த கடலை

பாடாலூரிலிருந்து வந்த விவசாயி ஒருவர் சட்டைப் பை நிறைய வறுத்த வேர்க்கடலையோடு வந்தார். அவருடைய சொந்தக் காட்டில் விளைந்த கடலை. பல் போனதிலிருந்து வீட்டில் மற்றவர்கள் கொறிக்கும் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு இருந்தாராம். "மொதல்ல கஞ்சி, அப்பறம் இட்லி, ஈறு பழகினதும்தான் கடலை" என்று எல்லாருக்கும் சொல்வதை அவருக்கும் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டுப் போனவர் பஸ் ஸ்டாண்டிலேயே பையில் கையை விட்டுவிட்டார். நான் டீ குடிக்கப் போனபோது பார்த்தேன். கண்ணில் நீர் வழிய மென்றுகொண்டிருந்தார். வலியா சந்தோஷமா என்று கேட்கத் தோன்றவில்லை.

கொஞ்ச நாள் கழித்து ஆள் பாதியாகத் திரும்பி வந்தார். செட் உடைந்துவிட்டதோ என்று எனக்குப் பயம். வாங்கிப் பார்த்தேன், ஒரு கீறல் இல்லை. வயிற்றில் புண், ஆயுசுக்கும் கஞ்சியும் மோரும்தான் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்களாம். எனக்கு ஆறுதல் சொல்வது போல என் தோளைத் தட்டினார். "உங்க வேலையில ஒரு குத்தமும் இல்லீங்க. நீங்க வாசக் கதவைத் தொறந்து விட்டீங்க, உள்ள இருக்கறவன் சாத்திக்கிட்டான்."

அண்ணன் தம்பி

மீன்சுருட்டியிலிருந்து வாயெல்லாம் புண்ணாக ஒருவர் வந்தார். முன்பின் பார்த்த முகம் இல்லை. வாயைத் திறக்கச் சொன்னால் உள்ளே இருப்பது என் செட்! தையற்காரனுக்குத் தன் தையல் தெரியாதா? எனக்கும் தெரிந்தது. "இது யாருக்குக் கட்டினது?" என்று கேட்டதற்கு வாசலைக் காட்டினார். அங்கே அவருடைய தம்பி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தார். காலையில் தம்பி, சாயங்காலம் அண்ணன் என்று வீட்டில் முறை வைத்திருக்கிறார்கள். கல்யாணம் காட்சி என்றால் யார் போகிறாரோ அவருக்கு.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. செருப்பை மாற்றிப் போட்டாலே காலைக் கடிக்கிறது, இது வாய் இல்லையா என்று கத்தினேன். வாசலில் நின்ற தம்பி தலையைக் குனிந்துகொண்டார். அண்ணன் மட்டும் பல்லைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு குழறலாகச் சொன்னார்: "எங்க அப்பாரு நெலத்தைத் தனித்தனியாப் பிரிச்சுக் குடுத்தாரு சார். எங்க பசங்க பல்லைப் பொதுவுல வச்சுட்டானுவ."

திரும்பி வந்த பல்

உடையார்பாளையத்து மகன் மறுபடி வந்தான். மொட்டை அடித்த தலையில் முடி முளைக்கத் தொடங்கியிருந்தது. செய்தித்தாளில் சுற்றிய பொட்டலத்தை மேஜைமேல் வைத்தான். அப்பாவின் மேல் வரிசை. எதிர்ப்பல் இல்லாமல் அதை வைத்துக்கொண்டு அந்த மனுஷர் என்ன சாப்பிட்டிருப்பார்?

அந்தப் பல்லை இன்னொருவருக்குப் போட முடியாது என்று சொன்னேன். அவன் நம்பவில்லை. ஏதோ நான் ஏமாற்றப் பார்க்கிறேன் என்பது போல என்னைப் பார்த்தான். எடுத்துக்கொண்டு போகச் சொன்னாலும் போகவில்லை. அது கடைசிவரை என் இழுப்பறையில்தான் கிடந்தது. போகும்போது அவன் சொன்னது இது: "சுவத்துல மாட்டறதுக்குப் போட்டோ எடுத்தோம்ல, அன்னைக்குப் போட்டதோட சரி. புதுசாவே இருக்குங்க, வேற யாரும் வந்தா பாத்து வுடுங்க."

கச்சிதம்

நல்ல மகன்களும் வருவார்கள். ரெட்டிபாளையத்துக்கு முன்னால் உள்ள ஒரு கிராமத்திலிருந்து தனபாக்கியம் என்ற அம்மாளை மகன் கூட்டி வந்தான். பேரம் பேசாமல் இரண்டு வரிசையும் கட்டச் சொன்னான். அது நான் கட்டியதிலேயே நல்ல செட் என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் சில வாரங்களில் அந்தம்மா தனியாக, வெயிலில் நடந்தே வந்து நின்றாள். டாக்டர் சாப்பிடப் போயிருந்தார். எங்கே வலிக்கிறது என்று கேட்டேன். எங்கேயும் வலிக்கவில்லை என்றாள். நீலக் கார்பன் தாளை வைத்துக் கடிக்கச் சொன்னேன். இரண்டு பக்கமும் ஒரே சீராகப் புள்ளி விழுந்தது. பிறகு என்னதான் குறை?

குறை பல்லில் இல்லை. பல் இல்லாதவரைக்கும் மருமகள் சோறு பிசைந்து கொடுத்து, அந்தம்மாவை வீட்டோடு வைத்திருந்தாள். பல் வந்ததும் கொல்லைப்புறக் கொட்டகையில் ஓர் அடுப்பைப் போட்டு, அரிசியை அளந்து கொடுத்து, இனிமேல் நீயே பொங்கிக்கொள் என்று சொல்லிவிட்டார்கள். "பல்லு பொருந்தலன்னு ஒரு வார்த்தை எம் மவங்கிட்ட சொல்லிடுங்க சாமி, நான் இதைத் தூக்கிப் பரண்ல போட்டுர்றேன்" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. என் வேலையை நானே பொருந்தவில்லை என்று சொல்வதா? சந்தை நாளில் மகன் அவளோடு வந்து கேட்டபோது, கச்சிதமாகப் பொருந்தியிருக்கிறது என்று சொன்னேன். அவன் எனக்கு வணக்கம் வைத்துவிட்டு வெளியே போனான். அந்தம்மா படியில் நின்று திரும்பிப் பார்த்தாள். "நல்லாக் கட்டிட்டீங்க சாமி. இனிமே சாவுற வரைக்கும் எனக்குத் தனிச்சோறுதான்."

கை

வலது கை நடுங்க ஆரம்பித்தது எப்போது என்று சொல்லத் தெரியவில்லை. முதலில் டீ டம்ளரில் தெரிந்தது. பிறகு மெழுகில் பல் அடுக்கும்போது ஒன்று அடுத்ததன்மேல் ஏறி நின்றது. மாத்திரை கொடுத்தார்கள், தூக்கம்தான் வந்தது. வீட்டில் சொல்லவில்லை. அப்போது மகனுக்கு ஆலையில் குவார்ட்டர்ஸ் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அவன் இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே இருந்தான். என்னை விட்டுப் போக மனசு வரவில்லை என்று நான் உள்ளுக்குள் பூரித்துப் போயிருந்தேன். அவன் அம்மா இருந்து பார்க்கவில்லையே என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

பெரம்பலூரிலிருந்து ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் செட் வாங்க வந்தார். ஓரத்தைக் கொஞ்சம் ராவிக் கொடுக்க வேண்டியிருந்தது. அரம் பல்லில் படாமல் காற்றில் ஆடுவதை எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைப் பார்த்த பார்வை. நான் கையை மேஜைக்குக் கீழே கொண்டு போனேன். அவர் விடவில்லை. "எனக்குப் பல்லு ஆடிச்சு, உங்ககிட்ட வந்தேன். உங்களுக்குக் கையே ஆடுதே, நீங்க யார்கிட்டப் போவீங்க?"

என் வாய்

இனியும் தள்ளினால் ஆகாது என்று டாக்டரிடம் சொல்லிவிட்டு நானே அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். அத்தனை வருஷம் பக்கத்தில் நின்றவனுக்கு அதில் உட்கார்ந்தபோது உடம்பு கூசியது. டாக்டர் மெழுகை இளக்கி வாயில் வைத்து அழுத்தினார். வாய் நிறைந்து, மூச்சு மூக்கில் நின்று, எச்சில் வழிகிற அந்த நேரம் பார்த்து அவர் பேச்சைத் தொடங்கினார். இனிமேல் செட்டெல்லாம் திருச்சியில் கட்டி வாங்கப் போகிறாராம். நான் வீட்டில் ஓய்வாக இருக்கலாமாம். ஒரு வார்த்தை பதில் சொல்ல வழியில்லாமல் நான் மின்விசிறியைப் பார்த்தேன். வாயைத் துடைக்க எனக்கு ஆள் இல்லை.

கடைசியாகக் கட்டியது என்னுடையது. இடது கையால் வலது மணிக்கட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு ராவினேன். ஒரு நாள் வேலை ஒரு வாரம் இழுத்தது. ஆனால் கார்பன் தாளைக் கடித்துப் பார்த்தபோது இரண்டு பக்கமும் சீராகப் புள்ளி விழுந்தது. வேலை போன துக்கம்கூட அந்த நிமிஷம் மறந்துவிட்டது. வழியில் முறுக்கு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். மகன் அப்போதுதான் ஆலையிலிருந்து வந்து கைகால் கழுவியிருந்தான். மருமகள் தட்டு வைத்தாள். "எனக்குப் பிசைய வேண்டாம்மா" என்று சொல்லிவிட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி ஒரு முறுக்கைக் கடித்தேன். பேரன் கையைத் தட்டினான். மகனுடைய முகம் அப்படி மலர்ந்ததை நான் அதுவரை பார்த்ததில்லை. அப்பனுக்குப் பல் வந்ததில் பிள்ளைக்கு இத்தனை சந்தோஷமா என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் மருமகளைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டான். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "குவார்ட்டர்ஸ் ஒரே ரூமுப்பா. உங்களுக்கு யாரு சோறு பெசஞ்சு குடுப்பாங்கன்னுதான் இத்தனை நாளாப் போவாம இருந்தோம். இப்பதான் பல்லு வந்துருச்சே, இனிமே நீங்க மெஸ்ஸுல சாப்புட்டுக்கலாம்ல?"

ஆகவே பல் போன நண்பர்களே, அரியலூர் கடைத்தெரு மெஸ்ஸில் கடைசி மேஜையில் உட்கார்ந்து, நானே கட்டிய, கச்சிதமாகப் பொருந்திய பல்லால், விறைத்துப் போன தனிச்சோற்றை நான் வெகு நன்றாகவே மென்றுகொண்டிருக்கிறேன்.