மெழுகு படுத்திருந்த திசை

அந்த ஆய்வக அறைக்குள் எப்போதும் குளிர்தான். வெளியே கள்ளக்குறிச்சி வெயிலில் கரும்பு லாரிகள் ஊர்ந்துகொண்டிருக்கும். உள்ளே, ஈரம் சேராமலிருக்கக் கருவிக்குள் செலுத்தும் உலர்காற்று மெல்ல இரையும். மதியத்தில் அந்த இரைச்சலைக் கேட்டால் எனக்குக் கண் சொக்கிவிடும். என் ஆராய்ச்சி வருஷங்களில் பாதி அந்த அரைத்தூக்கத்திலேயே கழிந்தது போல இப்போது தோன்றுகிறது.

பழத்தின்மேல் தேன்மெழுகு பூசினால் சீக்கிரம் வாடாது. அந்தப் பூச்சுக்குள் நீளநீளமான மூலக்கூறுகள் எந்தத் திசையில் படுத்திருக்கின்றன என்று நான் அளக்க வேண்டும். அளப்பது அகச்சிவப்பு ஒளியால். கண்ணுக்குத் தெரியாத ஒளி. அது வரும் வழியில் போலரைசர் என்ற சிறு வட்டத்தை வைத்தால், ஒரே திசையில் அதிரும் ஒளி மட்டும் கடந்து வரும். வட்டத்தைக் கால் சுற்று திருப்பினால் அந்தத் திசையும் திரும்பும். மூலக்கூறுகள் ஒரே பக்கமாகப் படுத்திருந்தால் ஒரு திசையில் ஒளியை அதிகமாக விழுங்கும், இன்னொன்றில் குறைவாக. கலைந்து கிடந்தால் இரண்டிலும் ஒரே அளவுதான்.

மெழுகு என் தோழியின் ஊரிலிருந்து வந்தது. மலைமேல் கரியாலூர்ப் பக்கத்துக்காரி, என்னோடு அதே அறையில் ஆராய்ச்சி செய்தவள். மெழுகை உருக்கி, அகச்சிவப்பு ஒளியை மறைக்காத உப்புத் தகட்டில் மெல்லிய படலமாகப் பூசி, துணியால் ஒரே பக்கமாகத் தேய்ப்பாள். நான் தேய்த்தால் கோணலாகப் போகும். அவள் கை நேராகப் போகும். மூச்சுக்காற்று பட்டாலும் அந்தத் தகடு மங்கிவிடும் என்பதால் தேய்த்து முடிக்கும் வரை இருவரும் பேசமாட்டோம்.

அளவுகள் அழகாக வந்தன. திரையில், வட்டத்தின் ஒவ்வொரு திசைக்கும் ஒன்றாக, இரண்டு கோடுகள் விலகி நின்றன. மாதக்கணக்காக அந்த விலகலைப் பார்த்தே மிதந்துகொண்டிருந்தேன். ஒருநாள் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத் தேய்க்காத மெழுகை வைத்தேன். அதிலும் கோடுகள் விலகின. யாரும் தொடாத மெழுகு ஒரு பக்கமாகப் படுத்திருக்க நியாயமே இல்லை. நான் அளந்ததெல்லாம் பொய்யா? சின்னசேலம் பஸ்ஸில் ஊருக்குப் போகும்போது ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்து அழுதேன்.

மறுநாள் மதியம் தூக்கக் கலக்கத்தில் வட்டத்தைத் திருப்பியவள் கால் சுற்றில் நிறுத்தாமல் அரைச் சுற்றுக்குப் போய்விட்டேன். அரைச் சுற்று திருப்பினால் ஒளி பழைய திசைக்கே வந்துவிடும். கோடும் பழைய கோட்டின்மேலேயே விழ வேண்டும். விழவில்லை. தூக்கம் பறந்துவிட்டது.

"இன்னாடி, பேயறஞ்ச மாதிரி ஒக்காந்துகினு இருக்க?" என்றாள் தோழி.

"வட்டம் திரும்பும்போது ஒளி எடம் மாறுதுடி. மெழுகுல வேற எடத்துல போய் விழுது. அங்க மெழுகு ஜாஸ்தியா இருந்தா ஜாஸ்தியாக் காட்டுது."

அவளும் வட்டத்தை ஒருமுறை அரைச் சுற்று திருப்பிப் பார்த்தாள். "அப்ப அத ஒரே எடத்துல நிக்க வெக்கணும்."

கச்சிராயபாளையம் ரோட்டில் ஒரு லேத் பட்டறைக்குப் போனோம். மெழுகுத் தகட்டின்மேல் ஒட்டிவைக்க, நடுவில் சின்ன ஓட்டை போட்ட பித்தளைத் தகடு வேண்டும். ஒளி எப்படி அசைந்தாலும் மெழுகில் அந்த ஓட்டைக்குள் தெரியும் இடத்தை மட்டும்தான் தொட முடியும்.

"இம்மாஞ் சின்ன ஓட்டையா? இதுல இன்னாம்மா தெரியும்?" என்று கேட்டார் பட்டறைக்காரர்.

"கண்ணுக்கு ஒண்ணும் தெரியாதுங்கண்ணே," என்றாள் தோழி. அவர் சிரித்துக்கொண்டே போட்டுக் கொடுத்தார்.

தேய்க்காத மெழுகை முதலில் வைத்தோம். கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்தன. பிறகு தேய்த்த மெழுகு. கால் சுற்றில் கோடுகள் விலகின, முன்னளவுக்கு இல்லை, கொஞ்சமாக. அரைச் சுற்றில் மறுபடி ஒன்றாகச் சேர்ந்தன. தேய்த்த மெழுகுத் தகடுகள் மூன்றை மாற்றிப் பார்த்தோம். எல்லாவற்றிலும் அப்படியே.

தோழி தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். "என் கை போன பக்கமாவே அதுங்க படுத்துக்கினு இருக்குதாடி?"

"ஆமாடி."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான். வேறு யாரும் இல்லாத அந்தக் குளிரில், கண்ணுக்கெட்டாத ஆயிரமாயிரம் இழைகள் அவள் கை போன வழியில் சாய்ந்திருப்பதை நினைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம்.

பழைய அளவுகள் எல்லாவற்றையும் விலக்கிவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன். கூடுதலாக ஒரு வருஷம் ஆனது. அது எனக்குக் கனமாகவே தெரியவில்லை.

கோடுகள் ஒன்றாகச் சேர்ந்த அந்த வாரக் கடைசியில் அவள் ஊருக்குப் போனோம். மலை ஏறஏற பஸ்ஸுக்குள் மேகம் புகுந்தது. அவள் அம்மா சாமைச்சோறும் குழம்பும் போட்டுவிட்டு, "இன்னாத்துக்கு ரெண்டு பேரும் இப்புடிச் சிரிச்சிக்கினே இருக்கீங்க?" என்று கேட்டார்.

"மெழுகு எந்தப் பக்கம் படுத்துக்கினு இருக்குதுன்னு கண்டுபுடிச்சிட்டோம்மா," என்றாள் மகள்.

"அப்படியா," என்றவர் எனக்கு இன்னும் கொஞ்சம் சோறு வைத்தார். "கண்ணு சொக்குது பாரு உனுக்கு. சாப்ட்டு நீயும் செத்த நேரம் படு."

படுத்தேன். வாசல் வழியாக மேகம் உள்ளே வந்து காலைத் தொட்டது.