அக்காவின் விரல் ரேகை

அனிமேஷன் படம் ஒன்றுக்காகக் கணினித் திரையில் ஒரு யானையைச் செதுக்கிக்கொண்டிருந்தேன். மகள் ஈரக் களிமண்ணை நீட்டி, "யம்மா, ஸ்கூலுக்குக் காளை செஞ்சு தா" என்றாள். அந்த மண் வாசனை என்னை மூன்றாம் வகுப்புக்கு இழுத்துப்போனது.

அன்று பட்டாசுக் கம்பெனியிலிருந்து வந்த களைப்போடு அக்காதான் எனக்குக் காளை செய்து கொடுத்தாள். பள்ளியில் நடந்த களிமண் பொம்மைப் போட்டியில் அதற்குப் பரிசு கொடுத்த டீச்சர், "நீயா செஞ்சே?" என்றார்.

"நாந்தேன் டீச்சர்."

யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாதே என்று, காளையின் முதுகில் பதிந்திருந்த அக்காவின் விரல் ரேகையை வீட்டில் எச்சில் தொட்டு அழித்தேன். அக்கா பார்த்துவிட்டாள்.

"ஏ புள்ள, ரொம்பத் தேய்க்காத. திமிலு ஒடிஞ்சிரும்" என்று சிரித்தாள்.

இப்போது திரையில் நான் செதுக்கும் உருவங்களில் யார் ரேகையும் பதியாது. அதனால்தான் இந்த வேலை எனக்குப் பிடிக்கிறதோ என்று மனம் கூசியது. நீயே செய் என்று மண்ணை மகளிடமே கொடுத்துவிட்டு அக்காவுக்குப் போன் செய்தேன்.

"என்னத்தா, பிள்ளைக்குக் காய்ச்சலா?" என்று பதறினாள்.

"இல்லக்கா, சும்மாதான்" என்றேன்.