ஊதி அணைத்த கர்ப்பூரம்

மகளின் பிரசவத்துக்கு இன்னும் நாள் இருந்தது. பயப்படாமல் போய் வாருங்கள் என்று அவளே பிடிவாதமாகச் சொன்னதால்தான் நானும் கணவரும் லண்டன் மனோர் பார்க்கிலிருந்து காரோடு கப்பலேறி, பிரான்சின் பிரிட்டனி மாகாணத்துப் பக்கம் போனோம். ஒரு கிராமத்துத் தேவாலயத்தைக் கடக்கும்போது லண்டன் ஆஸ்பத்திரியிலிருந்து மருமகன் போன் எடுத்தான்.

"மாமி, விடியவே வயித்து நோ வந்திட்டுது. இப்ப ஒப்பரேஷன் தியேட்டருக்குக் கொண்டு போட்டினம். ரத்தம் நிக்குதில்லை."

லைன் அறுந்தது. கணவர் தேவாலய மதிலோடு காரை நிறுத்தினார். அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் சிக்னல் இருந்தது. நகர்ந்தால் அதுவும் போய்விடும். திரும்பும் கப்பலோ மாலையில்தான்.

தேவாலயம் பூட்டியிருந்தது. பக்கத்தில் பல நூற்றாண்டு கண்ட கற்சிலுவை ஒன்று, பாசி பிடித்து, அடியில் மழைக்குத் தேய்ந்த உருவங்களோடு நின்றது. நான் அதைப் பார்க்கவில்லை. போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இவர் காருக்குள் கிடந்த கர்ப்பூரத்தை எடுத்துப் போய்ச் சிலுவையடிப் படியில் கொளுத்திவிட்டார். ஊரில் மடுத் தேவாலய மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்திய சைவர்கள்தானே நாங்கள். கும்பிடுகிற விஷயத்தில் எங்களுக்கு வேலி கிடையாது.

"தாயும் பிள்ளையும் இருக்கினம், பாரும். வந்து கும்பிடும்" என்றார்.

பார்த்தேன். தாய் இருந்தாள். அவள் மடியில் கிடந்தது குழந்தை இல்லை. தாடி வைத்த மகன், ஒரு கை தொங்க, செத்துக் கிடந்தான்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

"கண் தெரியேல்லையே உங்களுக்கு? பிள்ளையைப் பறிகுடுத்தவளிட்டயே என்ர பிள்ளையைக் கேக்கிறியள்?" என்று கத்திக்கொண்டே குனிந்து கர்ப்பூரத்தை ஊதி அணைத்தேன்.

வாயால். சுவாமிக்குக் கொளுத்திய கர்ப்பூரத்தை வாயால் ஊதியவர்கள் எங்கள் பரம்பரையிலேயே இல்லை. இனி மகளுக்கு ஏதும் நடந்தால் அது என் தலையில்தான். திரும்பக் கொளுத்தப் பார்த்தேன், காற்று விடவில்லை. கல்லில் கரி பிடித்திருந்தது. கோட்டுக் கையால் தேய்த்தும் போகவில்லை. எதிர்வீட்டு யன்னலில் ஒரு பெண் திரையை விலக்கிப் பார்த்தாள். பொலிஸைக் கூப்பிட்டாலும் கூப்பிடட்டும் என்று நானும் முறைத்தேன்.

போன் அடித்தது. எடுக்க எனக்குத் துணிவில்லை. இவர்தான் ஸ்பீக்கரில் போட்டார். முதலில் கேட்டது ஒரு குழந்தையின் அழுகை.

"மாமி, பொம்பிளைப் பிள்ளை..."

"அதை விடுங்கோ தம்பி. என்ர பிள்ளை எங்க?"

மருமகன் ஏதோ சொன்னான். அந்த அழுகையில் ஒரு சொல்லும் காதில் விழவில்லை.

"வாயை மூடு!" என்று போனைப் பார்த்துக் கத்தினேன்.

"...ரத்தம் நிண்டிட்டுது மாமி. கண் முழிச்சிட்டா. உங்களைத்தான் கேட்டவ."

நான் அப்படியே நிலத்தில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். என் பேத்தியிடம் நான் பேசிய முதல் வார்த்தை அந்த "வாயை மூடு"தான்.