அக்கா போன நாட்டின் மொழி

பதினோரு வயது வரை எனக்கான எதையும் நான் தேர்ந்தெடுத்ததில்லை. பாவாடையின் நிறத்தை அம்மா தேர்ந்தெடுத்தாள். பள்ளிக்கூடத்தை அப்பா தேர்ந்தெடுத்தார். ஞானஸ்நானப் பெயரைப் பங்குச்சாமியார் தேர்ந்தெடுத்தார். நானாகத் தேர்ந்தெடுத்த முதல் பொருள் ஒரு மொழி. எங்கள் ஊரில், பொம்மிடியில், அரூரில், ஏன், நான் அறிந்திருந்த உலகத்திலேயே எவரும் பேசாத மொழி. இத்தாலிய மொழி.

காரணம் அக்கா. எண்பதுகளின் தொடக்கத்தில் எங்களைப் போன்ற கத்தோலிக்க விவசாயக் குடும்பங்களிலிருந்து, பள்ளிப் படிப்பை முடித்த பெண்கள் சிலர் வெளிநாட்டுக் கன்னியர் மடங்களில் சேர்ந்தார்கள். அங்கே மடங்களில் ஆளில்லை. இங்கே வீடுகளில் பெண்கள் இருந்தார்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கோடையில் அக்காவை இத்தாலியில் ஒரு மடம் ஏற்றுக்கொண்டது. பெங்களூரில் சில மாதம் மொழி கற்பித்துப் பிறகு விமானம் ஏற்றுவதாக ஏற்பாடு. அவளுக்கு விருப்பமா என்று யாரும் கேட்டதாக நினைவில்லை; விருப்பமில்லை என்று அவள் சொன்னதாகவும் நினைவில்லை.

வாழ்த்த வந்தவர்களில் பெரியம்மாவும் இருந்தாள். எதையும் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுகிற வாய் அவளுக்கு. என் கன்னத்தைக் கிள்ளிக்கொண்டு, "பக்கத்தூரு சிஸ்டர் ஒருத்தி பத்து வருசம் கழிச்சு லீவுல வந்தா. பெத்த தாயிகிட்ட பேச வாய் வரல, முழிக்கறா. தமிழே மறந்துபோச்சு! உங்கக்காவும் வந்து, நீ யாருடின்னு உன்னையே கேக்கப் போறா பாரு" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அக்கா தமிழை மறந்து வருவாளானால், அவளுடைய மொழி தெரிந்த ஒருவராவது வீட்டில் இருந்தாக வேண்டும் என்பது எனக்கு ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்தது. அப்பாவுக்கு வயல் இருந்தது. அம்மாவுக்கு எருமைகள் இருந்தன. மீதி இருந்தது நான்தான்.

பெங்களூரிலிருந்து விடைபெற வந்தபோது அக்கா தன் பாடப்புத்தகத்தை, நான் கேட்டேன் என்பதற்காக, விளையாட்டுப் பொருளைக் கொடுப்பதுபோல் கொடுத்துவிட்டுப் போனாள். அது ஆங்கிலேயப் பயணிகளுக்காக எழுதப்பட்டது. ஆகவே இத்தாலிய மொழியை அடைய நான் முதலில் ஆங்கிலத்தைக் கடக்க வேண்டியிருந்தது. பள்ளியில் இரவல் வாங்கிய அகராதியை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லையும் இரண்டு வேலி தாண்டி எட்டிப் பறித்தேன். என் ஆங்கில மதிப்பெண் ஏறியது. ஆசிரியை அதைத் தன் பாடத்தின் மீதான பற்று என்று எண்ணி மகிழ்ந்தார்.

புத்தகத்தின் உலகம் வேறாக இருந்தது. குளியலறை உள்ள அறை கிடைக்குமா, அருங்காட்சியகம் எத்தனை மணிக்குத் திறக்கும், என் பெட்டியைக் காணவில்லை என்றெல்லாம் சொல்ல அது கற்றுத்தந்தது. எருமை கன்று போட்டிருக்கிறது என்று சொல்லக் கற்றுத்தரவில்லை. அக்காவிடம் சொல்ல என்னிடம் இருந்ததோ எருமைச் செய்திகள் மட்டுமே. களிக்கு அதில் சொல் இல்லை. நீ இல்லாமல் பாய் அகலமாகிவிட்டது என்பதற்கும் இல்லை.

அக்காவின் கடிதங்கள் தமிழில்தான் வந்தன. ஆனால் ஆண்டுக்கு ஆண்டு அவை சுருங்கின. முதலில் நான்கு பக்கம், பிறகு இரண்டு, பிறகு எல்லோரும் நலமா, நான் நலம், எனக்காக மன்றாடுங்கள் என்ற அளவோடு நின்றன. அவளிடம் தமிழ் தீர்ந்துகொண்டிருக்கிறது என்று கணக்கிட்டு, நான் பாடங்களை விரைவுபடுத்தினேன்.

மாசி, பங்குனியில் எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு புளி தட்டுவார்கள். ஓட்டை உடைத்து, நாரை உரித்து, கொட்டையைத் தட்டி எடுக்கிற வேலை. கைக்கு ஓய்வில்லை, வாய்க்கு வேலையில்லை. நான் ஓர் அடிக்கு ஒரு சொல்லாக மனப்பாடம் செய்தேன். ஆக்குவா என்றால் தண்ணீர், ஓர் அடி. பானே என்றால் ரொட்டி, ஓர் அடி.

இதிலிருந்துதான் ஒரு தவறான எண்ணம் பிறந்தது. அம்மா சிறுமியாக இருந்த காலத்தில் பூசை லத்தீனில் நடந்தது. பொருள் தெரியாமல் அவள் கேட்டு வளர்ந்த செபங்களின் ஓசை அவள் காதில் அப்படியே தங்கியிருந்தது. என் முணுமுணுப்பு அதைப்போலவே இருந்ததால், நான் செபிக்கிறேன் என்று முடிவு செய்துவிட்டாள். "பாப்பா வேலை செய்யறப்பகூட செபம் சொல்லுதுங்க சாமி" என்று பங்குச்சாமியாரிடம் சொன்னாள். நான் மறுக்கவில்லை. செபிக்கிற பிள்ளையை யாரும் தண்ணீர் எடுக்க அனுப்புவதில்லை என்பதைக் கண்டுகொண்டிருந்தேன்.

"மூத்தவளத்தான் அனுப்பிட்டீங்க, இதையுமா?" என்று பெரியம்மா அம்மாவைச் சீண்டினாள். "பொண்ணா பெத்துப் பெத்து ரோமாபுரிக்கே குடுத்துட்டா, உனக்குக் கஞ்சி ஊத்த போப்பாண்டவரா வருவாரு?"

அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். என்னிடம் தேவ அழைத்தல் இருக்கிறது, நானும் கன்னியர் மடத்துக்குத்தான் போவேன் என்ற பேச்சு ஊரில் மெல்லப் பரவியது.

நான் பத்தாம் வகுப்பில் இருந்தபோது அக்கா வந்தாள். நித்திய வார்த்தைப்பாடு என்பது வாழ்நாள் முழுவதற்குமான உறுதி. அதைக் கொடுப்பதற்கு முன் பெண்களை ஒருமுறை வீட்டுக்கு அனுப்பி, நன்றாக யோசித்து வரச் சொல்வது அந்த மடத்தின் வழக்கம். உடன் வந்த முதிய மதர் கோவிலையொட்டிய கன்னியர் இல்லத்தில் தங்கினார். அக்கா எங்களோடு தங்கினாள்.

அவள் தமிழை மறந்திருக்கவில்லை. மதகு திறந்ததுபோல் பேசினாள். கோழியோடு பேசினாள், பால் வாங்க வந்தவரோடு பேசினாள், தூக்கத்திலும் பேசினாள். என் இத்தாலிய மொழிக்குத் தேவையே எழவில்லை. அதை வெளியில் எடுக்க வெட்கமாயிருந்தது. ஒருநாள் கதவுக்குப் பின்னால் நின்று, அம்மாவின் வாடாமல்லி நிறச் சேலையைத் தன் வெள்ளை உடையின் மேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் மடித்து வைத்துவிட்டாள். இன்னொரு காலையில், அம்மா களி கிண்டிக்கொண்டிருந்தபோது, மிக இயல்பான குரலில் கேட்டாள்:

"ஏம்மா, நான் திரும்பிப் போவலன்னா என்ன பண்ணுவீங்க?"

அம்மாவின் கை நிற்கவில்லை. "ஊரு சிரிக்கும்டி. அப்பா காதுல வுழுந்துடப் போவுது, போ அந்தாண்ட."

அக்கா சிரித்தாள். வேடிக்கை என்று நானும் சிரித்தேன்.

அடுத்த ஞாயிறு மதர் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். அக்காதான் இரு பக்கமும் மொழிபெயர்த்தாள். எல்லாச் சொல்லும் அவள் வழியாகவே போய் வந்துகொண்டிருந்ததைப் பார்க்கப் பார்க்க எனக்குள் ஓர் ஏக்கம் திரண்டது. நான்கு ஆண்டுகள் புளியோடு சேர்த்துத் தட்டிய மொழி அது. என் வீட்டுக் கூடத்தில், என் கண்முன் நடமாடிக்கொண்டிருந்தது. சோறு பரிமாறி முடித்ததும் நான் மதரின் முன் நின்று, பயணம் நன்றாக இருந்ததா அம்மையாரே என்று இத்தாலிய மொழியில் கேட்டேன்.

மதரின் கையிலிருந்த தம்ளர் அப்படியே நின்றது. யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று கேட்டார். யாருமில்லை, நானே புத்தகம் பார்த்து என்றேன். ஏன் என்றார். அக்காவோடு இருக்க என்றேன். அதற்கு மேல் என் இலக்கணம் நீளவில்லை.

மதரின் கண்கள் நனைந்துவிட்டன. என் இரு கைகளையும் பிடித்துக்கொண்டு, அப்பாவை நோக்கி, எனக்கும் புரிய வேண்டுமென்றோ என்னவோ, நிதானமாகச் சில வாக்கியங்கள் சொன்னார். எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். அவள் சற்று நேரம் தரையைப் பார்த்தாள்.

"பாப்பா கெட்டிக்காரியாம். நல்லா படிக்க வெக்கச் சொல்றாங்கப்பா."

நான் திகைத்துப்போனேன். எங்களோடு, தேர்வுக்குப் பிறகு, இரண்டு சகோதரிகளும் என்று மதர் சொன்னவை என் காதில் தெளிவாக விழுந்திருந்தன.

"இல்லப்பா, அக்கா தப்பா சொல்லுது! பரீட்சை முடிஞ்சதும் என்னையும் கூட்டிட்டுப் போறாங்களாம். நாங்க ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கலாமாம்!"

அப்பா அக்காவை நிமிர்ந்து பார்த்தார். "அப்படியா சொன்னாங்க, கண்ணு?"

அக்கா தலையசைத்தாள்.

"அதானே. பாப்பாவுக்கு அழைத்தல் இருக்குதுன்னு உங்கம்மா எப்பவோ சொன்னா" என்றார் அப்பா. அவர் முகம் பெருமையில் மலர்ந்திருந்தது. "உனக்கும் தொணையாச்சு."

அன்று மாலை கிணற்றடியில் அக்கா என் தலையைப் பிடித்து வாரினாள். கோபித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன்.

"யாருடி உன்ன அதப் படிக்கச் சொன்னது?"

"நீ தமிழ மறந்துட்டீன்னா உங்கிட்ட எப்படிப் பேசறது?"

சீப்பு நின்றது. அவள் சிரிக்கத் தொடங்கினாள். அந்தச் சிரிப்பு முடிய வேண்டிய இடத்தில் முடியவில்லை. என் பின்கழுத்து நனைந்தது.

இரண்டு நாள் கழித்து, அப்பாவிடம் அவள் பேசியதை உள்ளறையிலிருந்து கேட்டேன். "நான் போயி நித்திய வார்த்தைப்பாடு குடுத்துடறேங்கப்பா. மதர்கிட்ட நானே பேசிக்கறேன். பாப்பா இங்கயே காலேஜ் வரைக்கும் படிக்கட்டும். ஒரு வூட்டுக்கு ஒருத்தி போதும்."

"அதுக்கு ஆசையா இருக்குதேம்மா" என்றார் அப்பா.

"அது சின்னப்புள்ளைங்கப்பா."

நான் கல்லூரிக்குப் போனேன். எங்கள் தெருவில் பட்டம் வாங்கிய முதல் பெண் ஆனேன். அக்கா மலையடிவார ஊர் ஒன்றில், பிள்ளைகள் விட்டுச்சென்ற முதியவர்களைக் குளிப்பாட்டி, ஊட்டி, அவர்கள் இறக்கும்போது கையைப் பிடித்துக்கொண்டு வாழ்கிறாள். அந்த வாழ்க்கை வீண் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை; அவளும் சொன்னதில்லை. அப்பா கொடியவரும் அல்லர். கடவுளுக்கு ஒரு மகளை மறுப்பதற்கு அவருக்கு ஒரு நியாயம் தேவைப்பட்டது; இன்னொரு மகள் தன்னை முழுதாகக் கொடுத்ததில் அது கிடைத்தது. அந்த விடுமுறைக்கு வந்தபோது அவள் மனத்தில் என்ன இருந்தது என்று பின்னாளில் ஒருமுறை கேட்டேன். "களி தின்னணும்னு இருந்துச்சு" என்றாள்.

அந்த விடுமுறை முடிந்து அவள் புறப்பட்ட நாளில் பொம்மிடி நிலையத்தில் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றேன். அவளிடம் மூன்று நாளாகப் பேசவில்லை. ரயில் வந்து நின்றது. மதர் ஏறினார். அக்கா என் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, முதன்முறையாக என்னிடம் இத்தாலிய மொழியில் பேசினாள். அப்பாவும் அம்மாவும் அருகிலேயே நின்றார்கள்; அவர்களுக்கு அது வெறும் ஓசை. நீ வர வேண்டாம், நான் போகிறேன், உனக்காகவும் நானே போகிறேன் என்றாள். எல்லாம் எளிய சொற்கள்; அந்தப் புத்தகத்தின் முதல் சில பாடங்களிலேயே வருபவை. ஒன்றுக்குக்கூட எனக்கு அகராதி தேவைப்படவில்லை.

வண்டி நகர்ந்தது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஜன்னல் கம்பிகளுக்கிடையே அக்காவின் வெள்ளை அங்கிக் கை வெகுதூரம் வரை ஆடிக்கொண்டே போயிற்று. அவ்வளவு பெரிய நாட்டில் தன் பக்கத்தில் எனக்கு ஒரு கட்டில் போட அவளுக்கு மனம் வரவில்லையே என்ற கோபத்தில், நான் என் கையைத் தூக்காமலே நின்றிருந்தேன்.