இறங்குங்கம்மா

என் அக்காவைக் கட்டிய புண்ணியவானுக்கு ஊர் வைத்த பெயர் சங்கு. மில்லில் கேட் வேலை. சங்கு ஊதி நின்ற மறுநொடி கேட்டை இழுத்துச் சாத்திவிடுவார். நானும் அங்கே வேலை பார்த்த காலத்தில், சொந்த மச்சினன் என்றும் பார்க்காமல் என்னையே வெளியே நிறுத்திய மகான்.

ஓய்வு பெற்றபின் சும்மா இருந்தாரா? சபையின் கதவுப் பொறுப்பை வாங்கிக்கொண்டார். ஞாயிறு ஆராதனையில் போதகர் மன்னிப்பு ஜெபத்தைத் தொடங்கினால் போதும், வாசல் கதவைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொள்வார். படியில் யாராவது நின்றால் ஒரே வார்த்தைதான்: "இறங்குங்க." போதகர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். காதில் போட்டுக்கொண்டால்தானே! இதில் வேடிக்கை, அந்த ஜெபத்தை அத்தான் ஒருநாளும் சொன்னதில்லை. எல்லாரும் முழங்காலில் இருக்கும்போது அவர் பூட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்.

"உங்களுக்குன்னு மன்னிப்பு கேக்க ஒண்ணுமே இல்லையா?" என்று அக்கா ஒருமுறை கேட்டாள்.

"நான் என்னடி தப்பு பண்ணேன்? எங்கயாவது லேட்டா போயிருக்கேனா?"

வாராவாரம் இவரிடம் மாட்டுகிறவர், ஆஸ்பத்திரியில் இரவு டூட்டி பார்க்கும் ஆயாம்மா. மாற்று ஆள் வந்தால்தான் அவர் கிளம்ப முடியும். ஓட்டமும் நடையுமாக வந்து படியேறுவார். "இறங்குங்கம்மா" என்பார் அத்தான். மறுபேச்சே கிடையாது. இறங்கிப் போய்ப் பக்கச் சுவரோரம் உட்கார்ந்து, காதில் விழுந்ததைக் கேட்டுவிட்டுப் போவார். நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த ஞாயிறும் அவரை இறக்கிவிட்டுத்தான் கதவைப் பூட்டினார். திரும்பினால், வாசலருகே ஒரு துடைப்பம் கிடக்கிறது. பொறுக்குமா அவருக்கு? எடுத்துக்கொண்டு ஸ்டோர் ரூமுக்குள் போனார். பின்னால் கதவு டக்கென்று சாத்திக்கொண்டது. பிள்ளைகள் உள்ளே ஒளிந்து விளையாடுகிறார்கள் என்று, உள்பக்கக் கைப்பிடியையே கழற்றிப் போட்டவர் இவர்தான்.

உள்ளே முந்தின நாள் வார்னிஷ் அடித்த பெஞ்சுகள். அத்தானுக்கு ஆஸ்துமா. இன்ஹேலரோ அக்காவின் கைப்பையில், அக்கா முன்வரிசையில்.

தட்டினார், கத்தினார். நெடி ஏறி இருமல் பிடித்துக்கொண்டது. நெஞ்சு இறுகியது. சுவருக்கு இந்தப் பக்கம் நான் கீபோர்டு வாசிக்கிறேன், சபையார் ஒரே குரலில் ஜெபம் சொல்கிறார்கள். யார் காதில் விழும்? நான்கு சுவரும் கிட்டே கிட்டே வந்தது போலிருந்ததாம். இன்றைக்கு எனக்கே சங்கு ஊதிவிட்டார்கள் என்று நினைத்தாராம். என்னிடம் இதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

உயரத்தில் சின்னதாக ஒரு ஜன்னல். துருப்பிடித்து ஒரு சாண்தான் திறந்திருந்தது. மூச்சுக்காக அதன் கீழே போய் நின்று, "யாராவது இருக்கீங்களா?" என்றார். வெளியே உட்கார்ந்திருந்த ஆயாம்மா ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு, மேலே ஏறி எட்டிப் பார்த்தார்.

"அண்ணனா? உள்ள என்ன பண்றீங்க?"

அத்தானுக்குப் பேச்சு வரவில்லை. அந்நேரம் பார்த்துச் சபை சொன்னது: "ஆண்டவரே, எங்கள்மேல் இரங்கும்." அந்த வார்த்தைதான் அவர் வாயிலும் வந்தது.

"இரங்குங்கம்மா..."

ஆயாம்மாவின் முகம் வாடிவிட்டது. "சரிங்கண்ணே" என்று பக்கெட்டிலிருந்து இறங்கிவிட்டார்.

பாவம், ஆயாம்மா என்ன செய்வார்? எந்த 'இரங்கு' என்று அத்தான் எழுதியா காட்ட முடியும்? காதுக்கு இரண்டும் ஒன்றுதான். அத்தான் வாயிலிருந்து அவர் கேட்டுப் பழகியதும் ஒன்றுதான்.

ஜன்னல் காலியானது. "கோவம் வரலடா, வெக்கமா இருந்துச்சு. வாராவாரம் இப்படித்தானே இறங்கிப் போயிருப்பாங்க. திரும்பி வாங்கன்னு கூப்பிட எனக்கு என்ன யோக்கியதை இருக்கு?" என்றார் என்னிடம். சுவருக்கு அப்பால் மறுபடியும் "எங்கள்மேல் இரங்கும்." அந்த 'எங்கள்' என்பதில் தானும் சேர்த்தி என்று அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்திருக்கிறது. அழுதுவிட்டார்.

சாவிக்கொத்தை ஜன்னல் வழியாக வெளியே எறிந்தார். மிச்சமிருந்த மூச்சையெல்லாம் கூட்டிக் கத்தினார்: "ஸ்டோர் ரூம்ல மாட்டிக்கிட்டேன்! படியேறி வாங்கம்மா! ஏறி வாங்க!"

நாங்கள் பாட்டைத் தொடங்கியிருந்தோம். வாசல் கதவு திறந்தது. சீருடையோடு ஆயாம்மா. யாரையும் பார்க்காமல் ஓடிப்போய் ஸ்டோர் ரூம் கதவைத் திறந்தார். அத்தான் தரையில் வந்து விழுந்தார். பாட்டு நின்றது. அக்கா இன்ஹேலரோடு ஓடினாள்.

மூச்சு திரும்பியதும் அத்தான் கண் ஆயாம்மாவைத்தான் தேடியது. அவரோ வாசலைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார்.

"இறங்காதீங்கம்மா" என்று கையெடுத்துக் கும்பிட்டார் அத்தான்.

ஆயாம்மா திகைத்துப்போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். போதகர் இறங்கி வந்து, "ஆஸ்பத்திரிக்குப் போயிரலாமா?" என்று கேட்டார்.

"வேண்டாங்கய்யா. மன்னிப்பு ஜெபம் முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சே."

"நான் லேட்டுங்கய்யா." சங்கு தலையைக் குனிந்துகொண்டார். "எனக்காக இன்னொரு தரம் ஆரம்பிப்பீங்களா?"

போதகர் புத்தகத்தை மறுபடியும் மன்னிப்பு ஜெபப் பக்கத்துக்குத் திருப்பினார்.